பூவும் பொட்டுமாய்ப் போனவள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை அதிர்ஷ்டசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்கிறவன் மைக்கில் கத்துகிற வார்த்தை. ஆண்பிள்ளைக்கு நல்லது நடந்தால் அது யோகம். 'அவனுக்கு இன்னாபா, யோகக்காரன்' என்பார்கள். கைக்கும் முகத்துக்கும் காலடிக்கும் ராசி உண்டு. பெண்ணுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: குடுத்து வச்சவ. போன பிறவியில் எதையோ யாருக்கோ கொடுத்து வைத்திருக்கிறாளாம், அது இந்தப் பிறவியில் அவளுக்குத் திரும்பி வருகிறதாம்.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நல்லது நடந்தால் அவள் கொடுத்து வைத்தவள். கெட்டது நடந்தால் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டிலும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. என் அக்காவை இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியேதான் அனுப்பி வைத்தார்கள்.

எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் சிறிது நிலம். அக்காவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை சேரப்பணஞ்சேரி, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. பர்மனென்ட். அந்த இங்கிலீஷ் வார்த்தையை அம்மா அந்த வாரம்தான் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு சாமி பெயரைச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து அக்காவின் கன்னத்தை வழித்து, 'குடுத்து வச்சவடி நீ' என்றார்கள். அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தது அதற்கும் பிறகுதான்.

அக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படியே பேசிக் காட்ட வரும். கல்யாணமாகி முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, மாமா ரேடியோ செய்தியைக் கேட்டு வாட்ச்சைத் திருத்துவதை எனக்கு நடித்துக் காட்டினாள். "அவருக்கு எல்லாம் டைம்தான்டி. எமன் வந்தாகூட, கார்டு பஞ்ச் பண்ணிட்டு உள்ள வாப்பான்னுவாரு" என்றாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாமா கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. நேரம் காலம் பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் பிரசவம் எங்கள் வீட்டில். பெண் குழந்தை. அக்காவின் மாமியார் வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மகாலட்சுமி பொறந்துகீறா" என்றாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. மகாலட்சுமி பிறந்திருக்கிறாள் என்பதும் நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. பையன் பிறந்த வீட்டில் பையன் என்றுதான் சொல்கிறார்கள், சாமி பெயர் தேவைப்படுவதில்லை.

குழந்தை நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு அக்கா மறுபடி உண்டானாள். அது 1991, ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த வருஷம். நம்ம பக்கத்துக்கே நேரம் சரியில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரம் நன்றாக இருப்பதாக அம்மா நம்பினாள். வயிறு கூர்ந்திருக்கிறது, ஆண்பிள்ளைதான் என்றாள். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில் என்பது எங்களில் வழக்கம். ஊருக்கு வரும் நர்சம்மா மட்டும், "ரத்தம் ரொம்ப கம்மியா கீது, வலி எடுத்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடுங்க" என்று சொல்லியிருந்தாள். நான் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். லோயர் பாஸ் பண்ணினால் மறைமலை நகரில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனி ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆவணியில் அதை நிறுத்திவிட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மாமாவுக்கு செகண்ட் ஷிப்ட், வீட்டில் இருந்தார். அம்மா முந்தின நாள்தான் வந்திருந்தாள். காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது, வலியோடு ரத்தமும் வந்தது. மாமா சைக்கிளில் படப்பைக்குப் போய் ஒரு வாடகைக் காரைக் கூட்டி வந்தார். கார் வாசலில் வந்து நின்றபோது அக்காவின் மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரையைத் தாண்டி முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. பெண் பார்க்கப் போக மாட்டார்கள், வேலையில் சேர மாட்டார்கள், விதை நெல்லைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள்.

"பன்னெண்டு ஆவட்டும். ஆம்பளப் புள்ள வரப் போவுது, கெட்ட நேரத்துல வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள் மாமியார்.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னாமா, இவ்ளோ ரத்தம் போவுது. கெளம்பிடலாம்மா" என்றான். நான் அம்மாவிடம் ஓடினேன். "நீ சும்மா இருடி, பெரியவங்க சொல்றாங்க இல்ல" என்றாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்துக்குக் கீழே நின்று, தன் வாட்ச்சை அதோடு சரி பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம்தான். நல்ல நேரத்துல கெளம்பினா நல்லதுதான் நடக்கும்" என்றார்.

நான் பழைய புடவைகளைக் கிழித்துக் கிழித்து மாற்றினேன். அக்கா வெளுத்துக்கொண்டே போனாள். ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "எனக்கு ஷிப்ட் பன்னெண்டு மணிக்குத்தான்டி" என்றாள். அதைக்கூட மாமா குரலில்தான் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பன்னிரண்டு அடித்தது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் சுற்றி உடைத்து, அதன் பிறகு அவளைத் தூக்கிக் காரில் வைத்தார்கள். தாம்பரம் போவதாகத் திட்டம். படப்பை தாண்டியதும் அக்கா போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் அவளோடு போய்விட்டது. டிரைவர் வண்டியைத் திருப்பினான். திரும்பி வரும்போது யாரும் நேரம் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அக்காவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைப்புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு உட்கார வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே போனவள், அதுவும் வெள்ளிக்கிழமை. அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். அவள் தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளித் தங்கள் தலையில் செருகிக்கொண்டார்கள். அவளை உயிரோடு பார்த்தே இராத பக்கத்து ஊர்க்காரிகள்கூட வந்தார்கள். "பூவும் பொட்டுமா போயிட்டா, குடுத்து வச்சவ" என்றார்கள். ஒருத்தி பொறாமையோடு சொன்னாள். பொய்யில்லை, அந்தக் குரலில் நிஜமான பொறாமை இருந்தது.

அம்மாவும் சொன்னாள். மகள் காலைப் பிடித்து அழுதுகொண்டே, "எம்பொண்ணு குடுத்து வச்சவ" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறது. அதை விட்டால் அந்தக் கடிகாரத்தைத்தான் நினைக்க வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது.

காரியம் முடிந்த கையோடு என் முறை வந்தது. வருஷம் திரும்புவதற்குள் மாமாவுக்கு மறு கல்யாணம் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அவருடைய அம்மா பேச்சை ஆரம்பித்தாள். "வெளியில எதுக்குப் பாக்கணும்? பர்மனென்ட் மாப்ள. குழந்தைக்கும் ரத்த சொந்தம். உன் சின்னவளுக்கு யோகம் அடிச்சுகினு வந்துகீது" என்று அம்மாவிடம் சொன்னாள். பெண்ணுக்கு யோகம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால்தான் எங்களுக்கு அது கிடைக்கும் போலிருக்கிறது.

நான் முடியாது என்றேன். அவரைப் பார்த்தாலே எனக்கு அந்தக் கடிகாரம்தான் தெரிகிறது என்றேன். டைப்ரைட்டிங் முடித்து வேலைக்குப் போகிறேன், அக்கா குழந்தையை நம் வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். அம்மா சாப்பிடுவதை விட்டாள். கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். "உங்க அக்காவையே கேட்டுடலாம். அவ இன்னா சொல்றாளோ அதுதான்."

எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைத்து, முதலில் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். உத்தரவு கேட்பது பூ வைத்து. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, வெளியே தெரியாமல் வாழைச் சருகில் மடித்து வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

நான் சம்மதித்தேன். சிவப்பு வந்தால் அதோடு யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று எல்லாரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன். மாமாவும் தலையாட்டினார். எனக்குச் சாமி மேல் அப்படி ஒன்றும் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அக்கா மேல் நம்பிக்கை இருந்தது. அந்த வீட்டில் அந்த ஒன்றரை மணி நேரம் என்னவென்று தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். அவள் என்னை அங்கே அனுப்ப மாட்டாள் என்று நம்பினேன்.

சேரப்பணஞ்சேரி வீட்டின் உள் அறையில், சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அதன் முன் புதுப் புடவையை மடித்து வைத்தார்கள். பெற்றவள் என்பதால் அம்மாதான் பொட்டலம் கட்டினாள். கற்பூரம் காட்டிய பிறகு, "பாப்பாவே எடுக்கட்டும். அவளப் பெத்தவகிட்ட அவளே கேட்டுக்கட்டும்" என்றாள் அக்காவின் மாமியார். குழந்தையை என் இடுப்பிலிருந்து இறக்கினேன். அது புடவையைத் தடவிப் பார்த்தது, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது, பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடமே கொண்டு வந்து நீட்டியது.

பிரித்தேன். மல்லிகைப் பூ.

எல்லாரும் அழுதார்கள். "அவளே சொல்லிட்டா, அவளே சொல்லிட்டா" என்று மாமியார் தரையில் விழுந்து கும்பிட்டாள். நானும் அழுதேன். எனக்கு அக்கா மேல் கோபம். நீயுமாடி என்று இருந்தது. அப்போதுதான், எல்லாரும் விழுந்து கும்பிடுகிற நேரத்தில், அம்மா இன்னொரு பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனதைப் பார்த்தேன்.

கிணற்றடியில் அவள் கையைப் பிடித்தேன். அவள் தடுக்கவில்லை. சருகைப் பிரித்தால் அதிலும் மல்லிகைதான்.

"செவப்பு வந்துட்டா இன்னாடி பண்றது" என்றாள் அம்மா. "எவளோ ஒருத்தி வந்து அந்தக் கொயந்தைய சோத்துக்கு ஏங்க வுடுவா. நீன்னா வுட மாட்ட. உன்ன எனக்குத் தெரியும்."

உள்ளே போய் எல்லார் முன்னாலும் அந்த இரண்டாவது பொட்டலத்தைப் போட்டு உடைத்திருக்கலாம் என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்வார்கள். குழந்தை அதற்குள் பின்பக்கம் ஓடி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம். பூவாடைக்காரிக்கு வைத்துப் படைத்த புடவையை வீட்டுப் பெண்தான் உடுத்த வேண்டும் என்பது முறை. அதைத்தான் எனக்குக் கட்டிவிட்டார்கள். தெருவில் இருந்தவர்கள் வந்து கன்னத்தை வழித்து, "குடுத்து வச்சவடி" என்றார்கள். அக்காவுக்குச் சொன்ன அதே பெண்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சலிக்கவே இல்லை.

அவரோடு குடும்பம் நடத்தினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் அவ்வப்போது நோட்டில் எதையாவது எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. ஒருநாள், கல்யாணமான புதிதில், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவளுக்குக் குடுத்து வெக்கல, இன்னா பண்றது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கென்று குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் ஒரு வார்த்தை இருந்தது, பாக்கியம் இல்லை என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அக்கா மகளுக்கு மட்டும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவளிடமே கேட்டு வெள்ளைப் பூ எடுத்த கை என்பதால் அவளைக் கைராசிக்காரி என்றார்கள். புதுக் கடையில் முதல் போணி அவள் கையால், சீட்டுக் குலுக்கினால் எடுப்பது அவள். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து, அவள் ஒரு கம்பெனியில் லைனில் நின்று, பிறகு சூப்பர்வைசராகி, அங்கேயும் குலுக்கல் என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். யாராவது கேட்டால், "எங்கம்மாவ நான்தான் எடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்வாள். மனக்கஷ்டம் வந்தாலும் அதைத்தான் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வண்டியக் கூப்புடு, சீக்கிரம்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்தது. "மணி கெடக்குது, கூப்புடு" என்றார். வண்டியைக் கூப்பிட்டேன். அவரைப் போல என்னால் கடிகாரத்துக்குக் கீழே நிற்க முடியாது.

வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காவ வேண்டிக்கோ. அவதான் காப்பாத்தணும்" என்றார். வேண்டிக்கொண்டேன் என்று சொன்னேன். வேண்டவில்லை. அவளிடம் போய் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிழைத்துவிட்டார். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, யோகக்காரர் என்றார் டாக்டர். அரை மணி நேரம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்து மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள்.

"அன்னிக்கு நான் அந்தப் பூவ எடுக்காமப் போயிருந்தா நீ எங்களுக்குக் கெடச்சிருப்பியா? என் கை ராசியான கைதாம்மா" என்றாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது, கிணறும் தூர்ந்துவிட்டது. இரண்டு பொட்டலத்திலும் என்ன இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பல தடவை சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். நேரில் சொல்ல என்னால் முடியாது என்று அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. அதனால் எழுதிவிட்டேன். நான் எழுதுகிற எதையும் அவள்தான் முதலில் வாங்கிப் படிப்பாள்.